மறுகா?

2024 நவம்பர் 28, வியாழன்

மழை விடவில்லை. உயர்தரப் பரீட்சையை வெள்ளத்தால் இடையில் நிறுத்திவிட்டார்கள். என் மாலை வகுப்பில் படித்து வளர்ந்த பிள்ளை ஒருத்தி இம்முறை எழுதுகிறாள். பின்னேரம் நனைந்தபடி வந்து விறாந்தையில் இருந்தாள். வீட்டுக்குள் தண்ணீராம். கொப்பிகளெல்லாம் ஊறி ஒட்டிப்போயிருந்தன.

"எனக்கு ஏன் அக்கா இந்தப் படிப்பு? தலை தூக்கிற நேரமெல்லாம் ஏதோ ஒண்டு வந்து அடிக்குது."

அவளுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அடுப்படியில் கயிறு கட்டி, தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காயப்போட்டோம். நீல மை கரைந்து என் விரலெல்லாம் ஏறியிருக்கிறது. இதை எழுதும்போதும் போகவில்லை.

நவம்பர் 30, சனி

அவள் கேட்டது உள்ளே கிடந்து அரிக்கிறது.

2004 டிசம்பர் 26 அன்று எனக்கு 14 வயது. அம்மாவையும் தம்பியையும் சுனாமிக் கடல் கொண்டுபோனது. இலங்கையில் 35,000-க்கு மேற்பட்டோர் போனார்கள் என்று பிறகுதான் அறிந்தேன். அன்று எனக்கு இரண்டு பேர்தான். பெரியம்மா என்னைத் தன்னோடு வைத்துக்கொண்டார்.

இரண்டு வருசம் முடியுமுன் சண்டை. மூதூர் கிழக்கிலிருந்தும் ஈச்சிலம்பற்றிலிருந்தும் ஓடிவந்த சனம் எங்கள் வாகரைப் பக்கத்துக் கதிரவெளி விக்னேஸ்வரா வித்தியாலயத்தில் தங்கியிருந்தது. 2006 நவம்பர் 8 அங்கே எறிகணைகள் விழுந்தன. 40-க்கு மேற்பட்டோர் செத்தார்கள். அடுத்த ஜனவரியில் நாங்களும் வாகரையை விட்டுக் காட்டு வழியால் நடந்தோம். அந்த நடையை எழுத இன்றும் கை வரவில்லை.

போய்ச் சேர்ந்த முகாமில் நான் பேசுவதை நிறுத்திவிட்டேன். பெரியம்மா ஒருநாளும் "கவலைப்படாத" என்று சொன்னதில்லை. இரவில் தறப்பாளுக்குக் கீழே பக்கத்தில் படுத்துக்கொண்டு ஒரே கேள்விதான் கேட்பார்.

"நாளைக்கு என்ன செய்யப் போறாய் மகள்?"

"ஒண்டும் செய்யமாட்டன்."

"சரி. மறுகா?"

"படுத்துக் கிடப்பன்."

"மறுகா?"

எங்கள் பக்கத்தில் 'மறுகா' என்றால் 'அதற்குப் பிறகு'. கதை கேட்கும் பிள்ளை கேட்பதுபோலக் கேட்பார். அதட்டலும் இல்லை, ஆறுதலும் இல்லை. ஓரிரவு அவர் வாயை அடைக்கவென்றே சொன்னேன், "இங்க இரிக்கிற சின்னப் புள்ளையளுக்கு எழுத்துச் சொல்லிக் குடுப்பன்." அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. நிம்மதியாகத் தூங்கினேன்.

விடிய எழும்பினால், தலைவாரிப் பவுடர் போட்ட நாலு பிள்ளைகளைக் கூடாரத்து வாசலில் இருத்தி வைத்திருக்கிறார். எழுதப் பலகை இல்லை. மணலில் விரலால் 'அ' போட்டேன். மறுநாளும் வந்தார்கள். மூன்றாம் நாள் எனக்குக் காய்ச்சல், அன்றும் வந்து வாசலில் காத்திருந்தார்கள். அதனால் எழும்பினேன்.

வாழ்க்கையின் நோக்கத்தைத் தேடிக் கண்டுபிடி என்கிறார்கள். நான் தேடவே இல்லை. ஒரு கேள்வியை நிறுத்தச் சொன்ன வார்த்தை, நாலு பிள்ளைகள் நம்பியதால் என் வேலையாகிப்போனது.

டிசம்பர் 8, ஞாயிறு

4-ஆம் திகதி பரீட்சை திரும்பத் தொடங்கியது. அவள் போகிறாள்.

இன்று ஒரு கூட்டத்தில் வெளியூர்ப் பேச்சாளர் ஒருவர், "வாகரைச் சனம் எதையும் தாங்கும்" என்று புகழ்ந்தார். கைதட்ட எனக்கு மனம் வரவில்லை. தாங்கினோம் என்பதற்காக வடிகாலும் பஸ்ஸும் தராமல் விடலாமா? மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் யாழ்ப்பாணத்தில் கண்டு எழுதியது இதுதான்: போர் தனி ஆளை மட்டுமல்ல, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே உடைக்கிறது. அப்படியென்றால் தேறுவதும் ஊரோடுதான். ஒரு பெண்ணின் மன உறுதியில் எல்லாப் பாரத்தையும் ஏற்றிவைக்கக் கூடாது.

மட்டக்களப்பில் 1996-ல் அருட்தந்தை போல் சற்குணநாயகமும் கனடாவின் போல் ஹோகனும் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவை நினைத்துக்கொண்டேன். போரில் அடிபட்ட தமிழ், முஸ்லிம் பிள்ளைகளைச் சேர்த்து, களிமண்ணும் வர்ணமும் கதையும் கொடுத்தார்கள். பெரியம்மா அந்தப் பூங்காவைக் கண்டதே இல்லை. ஆனால் பிள்ளையின் கைக்கு ஒரு வேலை வேண்டும் என்பது அவருக்கும் தெரிந்திருந்தது.

டிசம்பர் 26, வியாழன்

இருபது வருசம். காலையில் கடற்கரையில் விளக்கேற்றினோம். பெரியம்மா கடலைப் பார்க்காமல் விளக்கையே பார்த்து நின்றார்.

வீட்டுக்கு வந்ததும் கிழிந்த வலையை விரித்துக்கொண்டு இருந்துவிட்டார். பரீட்சைக்காரியும் வந்தாள். இன்னும் பாடம் மிச்சமிருக்கிறது. ஆனாலும் பக்கத்தில் போய்க் குந்தினாள். உள்ளங்கை அகலக் கிழிசல் அது. பெரியம்மா அதை உடனே பின்னவில்லை. சுற்றிலும் இற்றுப்போன வலைக்கண்களைப் பிளேட்டால் வெட்டி எடுத்தார். ஓட்டை இரண்டு மடங்காகியது.

"ஐயோ, பெரிசாகுதே அம்மம்மா!"

"இத்த நூலில முடிச்சு நிக்காது மகள்" என்றபடி, நல்ல முடிச்சொன்றைத் தேடிப்பிடித்து அங்கிருந்து ஊசியை ஓட்டினார். நாலைந்து கண் போனதும் ஊசியை அவள் கையில் கொடுத்தார். அவள் போட்ட முதல் முடிச்சு வழுக்கியது. பெரியம்மா அதை அவிழ்த்துத் திரும்பக் கொடுத்தார்.

"நாளையான் பாடத்தப் படிச்சிட்டயா?"

"இன்னும் ஒல்லுப்போல கிடக்கு."

"சரி. மறுகா?"

அவள் நூலைப் பல்லில் கடித்துக்கொண்டே யோசிக்கத் தொடங்கினாள்.