வெட்பாலை எண்ணெயும் பெரியப்பாவும்

எங்க தோட்டத்து வேலியில ரெண்டு வெட்பாலை மரம் நிக்குது. துளிர்விட்டதும் டவுன்ல இருந்து போன் வரும், "சோரியாசிஸுக்கு அந்த இலை கிடைக்குமா?"ன்னு. இலை தாராளமா தர்றேன். கூடவே பெரியப்பா கதையையும் சொல்லித்தான் தர்றது.

பெரியப்பாவுக்கு 25 வருஷமா சோரியாசிஸ். சித்த வைத்தியத்துல காளாஞ்சகப்படைம்பாங்க. முழங்கை, முட்டி, தலையில எல்லாம் வெள்ளையா செதில் உதிரும். தொத்து வியாதி கிடையாது. உடம்போட எதிர்ப்பு சக்தியே தோலைத் தூண்டிவிடுது. ஒரு மாசத்துல நடக்க வேண்டிய தோல் வளர்ச்சி சில நாள்லயே நடந்து அடுக்கடுக்கா சேர்ந்துடுது. இது ஊருக்குப் புரியணுமே! டீக்கடையில அவருக்குத் தனி கிளாஸ். ஒரு கல்யாணப் பந்தியில பக்கத்து இலைக்காரர் எந்திரிச்சு இடம் மாறிட்டார். அதோட பெரியப்பா விசேஷத்துக்குப் போறதையே விட்டுட்டார்.

வெட்பாலை இலையை இரும்பு படாம கையால கிள்ளி, கண்ணாடி பாட்டில்ல தேங்காய் எண்ணெய் ஊத்தி வெயில்ல வச்சா, சில நாள்ல நாவப்பழ நிறத்துக்கு மாறிடும். தேய்ச்சா வறட்சியும் அரிப்பும் குறையுதும்பார். ஆனா அவர் விரல் மூட்டு வீங்க ஆரம்பிச்சப்போ எண்ணெய் உதவல. சோரியாசிஸ் மூட்டையும் பிடிக்கும். காலையில விரல் விறைச்சுக்கிட்டா அசட்டையா விடக்கூடாது, மூட்டு கோணிப் போகும்.

அந்த நேரம் பார்த்து ஒருத்தர் 'அடியோட குணம்'னு ஒரு பொடி குடுத்தார். ரெண்டு மாசத்துல தோல் பளபளன்னு ஆயிடுச்சு. பொடி தீர்ந்த பத்தாம் நாள் உடம்பு முழுக்க செவந்து, குளிர் நடுக்கம். ஆஸ்பத்திரியில சேர்த்தோம். பொடியில ஸ்டீராய்டு கலந்திருக்கலாம், திடீர்னு நிறுத்தினா இப்படித்தான் சீறிக்கிட்டு வரும்னார் டாக்டர்.

அவர்தான் பொறுமையா விளக்கினார். கொஞ்சமா இருந்தா களிம்பு போதும்: ஸ்டீராய்டு, வைட்டமின் டி வகை, தார் கலந்தது. உடம்பு முழுக்க இருந்தா புற ஊதா ஒளி சிகிச்சை. வாரத்துக்கு ரெண்டு மூணு தடவை போகணும். எங்களுக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் கூலியும் பஸ் காசும் போயிடும். அதனால மெத்தோட்ரெக்சேட் மாத்திரை. இது வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான்! தினமும் போட்டா உயிருக்கே ஆபத்து. அப்பப்போ ரத்தம், ஈரல் டெஸ்ட் பார்க்கணும், சாராயம் தொடக்கூடாது, குழந்தைக்குத் திட்டமிடுறவங்க முன்கூட்டியே டாக்டர்கிட்ட சொல்லிடணும். இதுக்கும் அடங்கலைன்னா பயாலஜிக் ஊசி இருக்கு, விலைதான் ஜாஸ்தி.

எதுவும் அடியோட போக்காது, அடக்கி வைக்கும். சர்க்கரை, பிரஷர் மாதிரி கூடவே வச்சுப் பார்த்துக்கணும். 'நிரந்தர குணம்'னு யாராவது சொன்னா அங்கயே எந்திரிச்சிடுங்க.

பெரியப்பா வீட்டு நாட்காட்டியில ஞாயித்துக்கிழமை எல்லாம் பெரியம்மா சிவப்பு வட்டம் போட்டிருக்காங்க, மாத்திரை நாளுக்கு. விரல் இப்போ மடங்குது, பாலும் அவரேதான் கறக்கிறார். போன மாசம் ஒரு கல்யாணத்துக்கு அரைக்கை சட்டையோட வந்து, பந்தியில என் பக்கத்துல உக்காந்து ரெண்டாந்தரம் பாயசம் கேட்டார்.