வழியில் இறங்கிய சிறுநீரகம்

விலங்கியல் செய்முறைப் பதிவேட்டில் நான் வரைந்த சிறுநீரகப் படத்திற்குப் பத்துக்கு ஒன்பது மதிப்பெண் கிடைத்தது. முதுகெலும்பின் இருபுறமும் அவரை விதைகளைப் போல இரண்டு சிறுநீரகங்கள்! எல்லார் உடம்பும் அந்தப் படத்தைப் போலத்தான் இருக்கும் என்று நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கையைத் திருத்தியவள் என் அக்காள் மகள்.

எங்கள் ஊர் சேவூர். அக்காள் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவள். அவளுடைய ஒன்றரை வயதுக் குழந்தைக்கு அடிக்கடி காய்ச்சல். சளியில்லை, இருமலில்லை; மருந்து கொடுத்தால் தணியும், சில வாரங்களில் மீண்டும் வரும். மூன்றாம் முறை கோவைக்குக் கொண்டுபோனோம். அங்கே சிறுநீரைப் பரிசோதித்தார்கள், கிருமித்தொற்று இருந்தது. பிறகு ஸ்கேன் எடுத்தார்கள். இடது சிறுநீரகம் அதன் இடத்தில் இல்லை. இடுப்புக் குழியில், மூத்திரப்பைக்கு அருகே இருந்தது.

செய்தி கேட்ட அக்காளின் மாமியார், "மாசமா இருக்கையில சொல்லச் சொல்லக் கேக்காம கம்பெனிக்குப் போனா. குனிஞ்சு நிமிந்ததுல புள்ளைக்கு எறங்கிப்போச்சு" என்றார். அக்காள் எதிர்த்து ஒரு சொல் பேசவில்லை. அன்றிரவு அவள் சாப்பிடவுமில்லை.

மறுமுறை போனபோது அத்தையும் உடன் வந்தார். அவர் முன்னிலையிலேயே மருத்துவரிடம் அதைக் கேட்டேன். மருத்துவர் சிரிக்கவில்லை, பொறுமையாக விளக்கினார்.

கருவில் சிறுநீரகம் உருவாவதே இடுப்புப் பகுதியில்தானாம். ஏறக்குறைய 6ஆவது வாரத்திலிருந்து 9ஆவது வாரத்துக்குள் அது மேலேறி, விலா எலும்புகளின் அருகே வந்து சேர்கிறது. ஏறத்தாழ 1000 பேரில் ஒருவருக்கு அது வழியிலேயே நின்றுவிடுகிறது. சிலருக்கு ஒன்று மறுபக்கம் சென்று மற்றதோடு ஒட்டிக்கொள்ளும். சுமார் 500 பேரில் ஒருவருக்கு இரண்டும் அடிப்பக்கம் இணைந்து குதிரை லாடம் போலாகிவிடும். தாய் குனிந்ததாலோ உழைத்ததாலோ இவை நேர்வதில்லை.

"அவிநாசியில பஸ் ஏறிப் புளியம்பட்டி போகோணும்னு வந்தவங்க நம்ம சேவூர்லயே எறங்கிக்கிட்ட மாதிரிங்க அத்தை" என்றேன் நான்.

"அப்ப எறங்கின எடத்துலயே பொழச்சுக்குமா?" என்று கேட்டார் அத்தை.

பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும் என்றார் மருத்துவர். இப்படிப்பட்ட சிறுநீரகத்தோடு ஆயுள் முழுதும் எந்தத் தொல்லையும் இல்லாமல் வாழ்பவர் பலர். ஆனால் சிலருக்குச் சிறுநீர் தேங்கும், அல்லது பின்னோக்கி ஏறும். தொற்றும் கல்லும் வரக்கூடும். ஆகவே குழந்தையைக் கண்காணித்து வரவேண்டும். ஸ்கேன் தாளைத் தொலைக்கக் கூடாது. விவரம் தெரியாத ஒருவர் பின்னாளில் அடிவயிற்றில் அதைத் தொட்டுப் பார்த்துக் கட்டி என்று எண்ணிவிடக் கூடும் அல்லவா?

அத்தை அக்காளிடம் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. ஆனால் அந்தத் தாளை மஞ்சப்பையில் போட்டுச் சாமி படத்துக்குப் பின்னால் பத்திரப்படுத்தியவர் அவர்தான். இப்போது மருத்துவமனைக்குப் புறப்படும்போதெல்லாம் பையை முதலில் எடுப்பவரும் அவரே.

நண்பர்களே, காரணம் தெரியாத காய்ச்சலில் குழந்தை வாடினால், சிறுநீரையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள். நம் பாடநூலில் உள்ள படம் பலருடைய உடம்பு. எல்லாருடைய உடம்பும் அன்று.