விசாவை வாசித்துப் பார்ப்போம்

நேற்று எங்களிடம் படித்த தம்பி ஒருவன் உம்மாவுடன் வீட்டுக்கு வந்தான். கட்டாருக்குப் பயணமாம். கையில் விசிட் விசா. "அங்க போனா வேலை விசாவா மாத்தித் தருவாங்களாம் சேர்" என்றான். உம்மாவின் நகை ஏற்கனவே அடகில்.

ஓ.எல். ஆங்கிலத்தில் அவனுக்கு 'ஏ' எடுத்துக் கொடுத்தோம். விசாவை வாசிக்கப் பழக்கவில்லை. வேலை விசா, சம்பளம் எழுதிய ஒப்பந்தம், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகப் பதிவு. இந்த மூன்றும் கையில் வந்த பிறகுதான் பயணம்.

பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு அவனையே பேச வைத்தோம். அந்த ஏஜென்சிக்கு அனுமதிப்பத்திரமே இல்லை. பயணம் நின்றது. நகை இன்னும் அடகில்தான்.

பெற்றோரே, காசு கட்டுமுன் பத்திரங்களைக் கொண்டு வாருங்கள். சேர்ந்து வாசிப்போம்.