மூடி திறந்த நாள்

தெங்கேராவிலுள்ள நம் இல்லத்தில் நடந்த ஒன்றை ஈண்டுக் கூற விழைகின்றோம். நம் தந்தையார் நாற்பதாண்டு பால்மரம் வெட்டியவர். அவர் வலக்கண்ணில் புரை முற்றிற்று. மருத்துவமனையார் குறித்த நேரம் வெள்ளிக்கிழமை 11 மணி. "ராகு காலத்திலா கண்ணில் கத்தி வைப்பது, தம்பி?" என்றார் தந்தையார். நாம் வாதாடவில்லை, நாளை மாற்றினோம். மாற்றிய நாள் சந்திராஷ்டமமென்று மீண்டும் தள்ளிற்று. ஆறு திங்கள் கழிந்தன. ஒருநாள் விடியலில் வாசற்படி தெரியாது விழுந்து, அவர் மணிக்கட்டை முறித்துக்கொண்டார்.

நிற்க. 2015-ஆம் ஆண்டு செப்டம்பர் 28-ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவினின்று ஆஸ்ட்ரோசாட் என்னும் இந்திய வானாய்வுக் கோள் ஏவப்பட்டது. அதன் கருவிகளுள் ஒன்று புறவூதாத் தொலைநோக்கி. புறவூதாக் கதிர்களைக் காற்று மண்டலம் பெரும்பாலும் தடுத்துவிடுமாதலால், அவற்றைக் காண விண்ணுக்கே செல்லுதல் வேண்டும். தமிழ்நாட்டுக் காவலூரில் வான்நிலையம் நடத்தும் பெங்களூர் இந்திய வானியற்பியல் நிறுவனத்தார், பூனா, பம்பாய் அறிஞரோடும் இஸ்ரோவோடும் கனடா நாட்டு விண்வெளி நிறுவனத்தாரோடும் கூடி அதனைச் சமைத்தனர். ஒளியை உணரும் உறுப்புகள் கனடா தந்தவை. ஏறத்தாழ 38 செண்டிமீட்டர் ஆடி கொண்ட இரு குழல்களும் பெங்களூரை அடுத்த ஹோஸ்கோட்டேயில், தூசு புகாத அறையிலே பொருத்தப்பட்டன.

விண்ணை அடைந்த அன்றே மூடியைத் திறந்தனரோ? இல்லை, இரண்டு திங்கள் மூடியே வைத்திருந்தனர். நல்ல நேரம் பார்த்தன்று. கோளின் பாகங்களினின்று கசியும் ஆவி ஆடியிற் படியின் பார்வை மங்கிவிடும். அவ்வாவி அகலும்வரை பொறுத்தனர், அகன்றபின் திறந்தனர். 930 கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள விண்மீன் மண்டலமொன்றின் புறவூதா ஒளியை அக்கருவி கண்டதென 2020-இல் அறிவித்தனர்.

காத்திருத்தல் குற்றமன்று, எதன்பொருட்டு என்பதே வினா. அவர்கள் காத்தமையால் ஆடி தெளிவாயிருந்தது. நாம் காத்தமையால் புரை முற்றிற்று. தந்தையார் பள்ளி செல்ல வாய்ப்பற்றவர்; அவர்மீது குறையில்லை. படித்திருந்தும் வாய்மூடி நின்ற நம்மீதே குறை.

கை கூடியபின் மருத்துவர் குறித்தது திங்கட்கிழமை காலை 8 மணி. அதுவும் ராகு காலமே. மறைக்காது சொன்னோம், இக்கருவியின் கதையையும் சொன்னோம். தந்தையார் நெடுநேரம் பேசாதிருந்து, "சரி, போகலாம்" என்றார். கட்டவிழ்த்ததும் நம்மை உற்றுநோக்கி, "தம்பிக்கும் நரைத்துவிட்டதே!" என்றார்.

தோழர்களே, உங்கள் இல்லத்திலும் அத்தகைய கண்ணொன்று காத்திருக்குமாயின், நாள் குறிப்பவர் மருத்துவராகவே இருக்கட்டும்.