நீத்துப்பெட்டிக்குக் கண் வேணும்

ஓலை இழைக்கப் பழக வருகிற பிள்ளைகள் முதல் நாளே கேட்பது, "அம்மம்மா, இது எவ்ளோ பெருசு போடணும்?" என்றுதான். அடிமட்டம் வைத்து அளந்து சொல்ல எனக்குத் தெரியாது. குட்டான் உள்ளங்கைக்குள் அடங்க வேணும். கடகத்தை இடுப்பில் வைத்தால் ஒரு கை அதைச் சுற்றிப் பிடிக்க வேணும். கொட்டைப்பெட்டியை மடியில் செருகினால் பக்கத்தில் இருக்கிறவளுக்கும் தெரியக் கூடாது. ஆச்சி எனக்கு இப்படித்தான் அளவு சொன்னா. இந்தப் பிள்ளைகளோ இங்கே அகதி முகாமில் பிறந்தவர்கள். இடுப்பில் கடகத்தோடு தோட்டத்துக்குப் போகிற ஆளை அவர்கள் கண்டதில்லை. அதனால் ஒவ்வொரு பெட்டிக்கு முன்னாலும் ஊரைக் கொஞ்சம் சொல்ல வேண்டிக்கிடக்கிறது.

ஊர் இலங்கையின் வடமராட்சியில், பருத்தித்துறைக்குக் கிட்ட. வளவு முழுக்கப் பனை. வேலியும் பனையோலைதான். அரிசி புடைக்கச் சுளகு, குந்தத் தடுக்கு, மீன் வாங்க உமல், கூழ் குடிக்கப் பிளா, இடியப்பம் அவிக்க ஈர்க்குத் தட்டு, புட்டு அவிக்க நீத்துப்பெட்டி. கடையில் வாங்கியது என்று சொல்ல அடுப்படியில் அலுமினியச் சட்டி இரண்டும் ஒரு கேத்திலும்தான் இருந்தன.

ஓலை பார்த்து எடுக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. முற்றின ஓலை வேலிக்கும் கூரைக்கும் போகும். இழைக்க வடலியின் குருத்தும் அதை அடுத்த சார்வோலையும் வேணும். ஒரு வடலியில் ஒரு குருத்துக்கு மேல் வெட்ட ஆச்சி விடமாட்டா. வெட்டுகிறவர் இறங்கும் வரை கீழே நின்று எண்ணுவா. வெட்டின ஓலையை விரித்து வெயிலிலும் போட வேணும், இராப் பனியிலும் போட வேணும். வெயில் காய வைக்கும், பனி வெளுக்க வைக்கும். இடையில் மழை பட்டுவிட்டால் கரும்புள்ளி விழும். பிறகு என்ன செய்தாலும் போகாது. காய்ந்ததும் ஈர்க்கை நீக்கி, கத்தி நுனியால் ஒரே அகலத்தில் வார வேணும். ஆச்சியின் கணக்கு, பெருவிரல் நகத்தில் பாதி. வார்ந்ததை ஈரச் சீலையில் சுற்றி வைத்து, வேண்டிய மட்டும் உருவி எடுத்து இழைப்போம். மத்தியானத்தில் இழைக்கக் கூடாது. ஊரில் சோளகம், இங்கே கச்சான். எந்தக் காற்றானாலும் ஓலையின் ஈரத்தை உறிஞ்சிவிடும். மடிக்கிற இடத்தில் நொறுக்கென்று முறியும். விடியற்காலையும் பொழுதுபட்ட பிறகும்தான் ஓலை சொல்வழி கேட்கும்.

எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். முதல் முறையாக யாருடைய உதவியும் இல்லாமல் ஒரு நீத்துப்பெட்டி இழைத்து முடித்தேன். கூம்பு கோணவில்லை, விளிம்பு பிசகவில்லை. ஓலையோடு ஓலை இறுக்கி, தண்ணீர் ஊற்றினாலும் ஒழுகாது போல் இருந்தது. பெருமை தாங்காமல் ஆச்சியிடம் நீட்டினேன். அவ வாங்கி, வெயிலுக்கு நேரே பிடித்து, வாய்ப்பக்கமாக உள்ளே பார்த்தா. ஒன்றும் சொல்லவில்லை. அன்றிரவு வறுத்த மாவைக் குழைத்துக் கொத்தி, தேங்காய்ப்பூ போட்டு, என் பெட்டியிலேயே நிரப்பிப் பானை வாயில் வைத்தா. எல்லாரும் பசியோடு காத்திருந்தோம். தண்ணீர் கொதித்து வற்றிப்போனது. பெட்டிக்குள் மா பச்சையாகவே கிடந்தது.

"கண் எங்கையடி? ஆவி எதாலை போறது?" என்றா ஆச்சி. "கடுகு விழக் கூடாது, ஆவி போகோணும். அதுதான் கணக்கு."

தம்பி அன்று பாணைத் தின்றுவிட்டுப் படுத்தான். அதை இன்றைக்கும் சொல்லிக் காட்டுவான்.

அடுத்த கிழமை குட்டான் இழைக்க உட்கார்த்தினா. நான் கெட்டிக்காரியாகி, அதிலும் கண் விட்டுத்தொலைத்தேன். குட்டானில் கொதிக்கிற பாணியை அல்லவா வார்க்கிறது! சுண்ணாம்பு தடவின முட்டியில் இறக்கின கருப்பநீரைக் காய்ச்சி, பதம் பார்க்க ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டி, உருண்டால் உடனே இறக்கிக் குட்டானில் ஊற்றுவார்கள். ஆறினால் பனங்கட்டி. என் குட்டான்களில் ஊற்றின பாணி சொட்டுச் சொட்டாக வடிந்து நிலத்தில் கட்டியாயிற்று, எறும்புக்குக் கொண்டாட்டம். அதே ஓலை, அதே கை. ஒன்றுக்குக் கண் வேணும், ஒன்றுக்குக் கூடாது. கையை எங்கே இறுக்குவது, எங்கே தளர்த்துவது என்று பிடிபட எனக்கு மூன்று வருஷம் எடுத்தது. பழக வருகிறவர்கள் மூன்று மாதத்தில் சான்றிதழ் கேட்கிறார்கள். கொடுக்கிற இடங்களும் இருக்கின்றன.

யுத்தத்துக்குத் தப்பி, 1990இல் பேசாலையிலிருந்து வள்ளம் ஏறி இராமேசுவரம் பக்கம் இறங்கினோம். கொண்டுபோய் வைத்தது மண்டபம் முகாமில். வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன சனத்தை அடைத்து வைத்து நோய் நொடி பார்த்த இடம் என்று அங்கே ஒரு கிழவர் சொன்னார். இராமநாதபுரத்து மண்ணில் பனையைக் கண்டதும் எனக்குப் பாதி உயிர் வந்தது. ஆனால் வாயைத் திறந்தால் சொல் முட்டும். நான் குட்டான் என்றால் இங்கத்தைப் பெண்கள் கொட்டான் என்றார்கள்; சுளகு இங்கே சொளகு. மரமேறுகிற அண்ணாச்சி ஒருவரிடம் சார்வோலை கேட்டேன். அவருக்கு அந்தச் சொல் புரியவில்லை. மண்ணில் குச்சியால் வடலியைக் கீறி, இந்த ஓலை என்று தொட்டுக் காட்டின பிறகுதான் "இதச் சொல்றதுக்கா இவ்ளோ நேரம்?" என்று சிரித்தார்.

வள்ளத்தில் ஓலைச் சாமான் என்று வந்தது ஒன்றே ஒன்று, என் மடியிலிருந்த ஆச்சியின் கொட்டைப்பெட்டி. தோடும் கொஞ்சக் காசும் அதற்குள்தான் கடல் கடந்தன. ஒன்றுக்குள் ஒன்று செருகுகிற இரட்டைப் பெட்டி அது. முகாமில் சில வருஷம் கழித்து அதே மாதிரி ஒன்று இழைக்கலாம் என்று உட்கார்ந்தால் அடி போட வரவில்லை. எத்தனை ஓலையில் தொடங்கி, எந்த மூலையில் திருப்புவது என்பது மறந்தே போயிற்று. கேட்க ஆச்சி இல்லை. மூன்று நாள் யோசித்து, பெட்டியை ஈரச் சீலையில் சுற்றி இரா முழுக்க வைத்து, விடியற்காலையில் அடி மூலையைப் பிரித்தேன். கை நடுங்கியதை ஒளிப்பானேன். நாலாவது ஓலையில் ஒன்றை எடுத்து ஒன்றை விட வேண்டிய இடத்தில் இரண்டை விட்டிருந்தது. பிசகு! எத்தனை பேரின் பெட்டியைப் பிரிக்க வைத்த மனுஷி! தனியே இருந்து சிரித்தேன். திரும்ப இழைத்து மூடும்போது அந்த இரண்டையும் இரண்டாகவே விட்டேன்.

எங்கள் குடும்பத்தில் ஊர்க்கதை தொடங்கினால் சண்டையில்தான் முடியும். கிணற்றடியில் நின்றது நெல்லி என்பார் என் வீட்டுக்காரர். கனடாவிலிருந்து மச்சாள் போனில் கத்துவா, அது தேசி என்று. வளவில் நின்ற பனைகளின் எண்ணிக்கையில் ஆளுக்கொரு கணக்கு. போய் எண்ணிப் பார்க்கவும் வழியில்லை. பின்னாளில் பங்கருக்குக் குற்றி வேண்டுமென்று அவை தறிபட்டுப் போயினவாம். ஆனால் நான் இழைத்த கடகத்தை மச்சாளுக்கு அனுப்பினபோது, அவ அதை இடுப்பில் வைத்துப் பார்த்துவிட்டு, "அளவு அதேதான்" என்றா. தேசிக்காயில் மட்டும் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை.

2021இல் அகதி முகாம் என்ற பெயரை அரசு மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. அதற்குப் பிறகு படம் பிடிக்க வருகிறவர்களும் கூடியிருக்கிறார்கள். ஒரு கண்காட்சியில் என் நீத்துப்பெட்டியைக் கவிழ்த்துத் தொங்கவிட்டு, உள்ளே பல்பு எரிய வைத்திருந்தார்கள். பார்க்க வடிவாகத்தான் இருந்தது. ஒவ்வொரு கண்ணாலும் வெளிச்சம் சமமாக வந்தது, அதில் எனக்குத் திருப்தி. புட்டு அவிக்கத்தான் யாரும் கேட்கவில்லை.

போன கிழமை பேத்தி தன் முதல் நீத்துப்பெட்டியை முடித்துக்கொண்டு வந்தாள். வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். "எப்படி இருக்கு அம்மம்மா?" என்று கழுத்தை நீட்டினாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. முதலில் பெட்டியைத் தண்ணீரில் அவித்துப் பச்சை ஓலை மணத்தைப் போக்கச் சொன்னேன். பிறகு மா வறுத்தோம்.

இரவு புட்டைக் கொட்டினபோது ஒரு பக்கம் பூவாக வெந்திருந்தது. மற்றப் பக்கம் மா அப்படியே. வெந்ததை அவளுக்குப் போட்டுக் கொடுத்தேன். சாப்பிட்டு முடித்ததும், பெட்டியைக் கழுவி, ஈரம் காய முதல் அந்தப் பக்கத்தைப் பிரிக்கச் சொன்னேன்.