இரண்டு விரல் இடைவெளி

எங்கள் மணியைக் குட்டியாகக் கொண்டுவந்த அன்று, அதன் கழுத்தில் ஒரு நைலான் கயிற்றைக் கட்டிவிட்டேன். குட்டி வளர்ந்தது, கயிறு வளருமா? ஒருநாள் துர்நாற்றம் வீசவே, ரோமத்தை விலக்கிப் பார்த்தேன். கயிறு சதைக்குள் புதைந்து, புண்ணில் புழு நெளிந்தது. வீட்டைக் காத்த வாயில்லாப் பிராணிக்கு நான் கொடுத்த கூலி அது!

மிருக வைத்தியர் கயிற்றை வெட்டி எடுத்தார். "கட்டினதுகூடப் பெரிய தப்பில்லை அண்ணே, அவிழ்த்துப் பார்க்காம விட்டதுதான் தப்பு" என்றார்.

அன்று கற்றதைச் சொல்கிறேன். கயிறோ கம்பியோ வேண்டாம். அகலமான பட்டையாக வாங்குங்கள். பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். அதற்குமேல் தளர்ந்தால் நாய் தலையை உருவிக்கொண்டு ஓடிவிடும். தோல் பட்டை நம் ஊர் மழையில் நனைந்து நனைந்து விறைத்துப்போகும். நைலான் நாடா சீக்கிரம் காயும். வளரும் குட்டிக்கு வாரம் ஒருமுறை விரல் விட்டுப் பாருங்கள். லைசென்ஸ் வில்லையையும் பட்டையிலேயே மாட்டிவிடுங்கள். வீட்டு நாய் என்பதற்கு அதுவே சாட்சி.

மணியின் கழுத்தைச் சுற்றி இன்றும் ரோமம் முளைக்கவில்லை. ஆனாலும் நான் வேலை முடிந்து திரும்பும்போது முதலில் ஓடிவருவது அதுதான்.