பருவத்தின் மேல் விழுந்த பழி

சந்தாபுராவில், ஓசூர் சாலையிலிருந்து சற்று உள்ளடங்கிய லேத் பட்டறைக்குப் பால்காரர் ஒருவர் பித்தளை நட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். மாட்டுத்தொழுவத்துத் தண்ணீர்க் குழாயில் இரண்டாண்டுகள் இருந்த நட்டு, எவரும் தட்டாமலே நெடுக்கில் விண்டிருந்தது. "மட்டமான சரக்கு" என்றார் பட்டறைக்காரர். சோதனைக் கருவிக்குரிய பாகத்தைக் கடையக் கொடுத்துவிட்டுக் காத்திருந்த உலோகவியல் ஆய்வு மாணவர் அதை வாங்கிப் பார்த்தார். "சரக்கு நல்லதாவே இருக்கலாம்ணா. இது தொழுவத்தோட வேலை."

அவருடைய ஆய்வேட்டின் ஓர் இயல் இதே விரிசலைப் பற்றியது. அங்கே விண்டது துப்பாக்கித் தோட்டாவின் உறை.

பிரிட்டிஷ் இந்தியப் படையில் மழைக்காலத்தில் தோட்டாக்கள் குதிரை லாயங்களில் வைக்கப்பட்டன. மழை ஓய்ந்து எடுத்துப் பார்த்தால், சுடப்படாத தோட்டாக்களிலேயே விரிசல் கண்டிருந்தது. ஆங்கிலேயர் இட்ட பெயர் 'பருவ விரிசல்'. பெயரே தீர்ப்பாகிவிட்டது, குற்றம் இந்திய மழையினுடையது! 1921இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகியோர் வெளியிட்ட ஆய்வே காரணத்தைத் தெளிவாக்கியது. குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியாவும், ஈரமும், பித்தளைக்குள் தங்கிவிட்ட இழுவிசையும் கூடியபோதே உறை விண்டது. மழை உடந்தைதான். அந்த இழுவிசையோ ஆலையிலேயே உறைக்குள் புகுந்துவிட்டது.

70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த தகட்டை அச்சுகளில் திரும்பத் திரும்ப இழுத்தே உறையை ஆக்குகிறார்கள். ஒவ்வோர் இழுப்பிலும் உலோகம் இறுகும். கழுத்தைக் குறுக்கிக் குண்டைச் செருகும்போது அங்கே இழுவிசை மேலும் ஏறும். இளஞ்சூட்டில் காய்ச்சினால் உறுதி குன்றாமலே இந்த விசை தணிந்துவிடும். தட்டத் தட்ட இறுகும் தகட்டை நெருப்பிலிட்டு இளக்கும் கும்பகோணத்துக் கன்னாருக்கு இந்தக் குணம் புதிதன்று.

வெளிநாடுகளில் உறையை மீண்டும் நிரப்பிச் சுடும் இலக்குச் சுடுநருக்கு இந்த வரலாறு கைவேலையாகவே தொடர்கிறது. (இந்தியாவில், 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது குற்றம்.) சுட்ட உறை துப்பாக்கி அறையின் அளவுக்கு விரிந்திருக்கும். உறை முழுவதையும் மீண்டும் நெருக்குவது ஒரு முறை. கழுத்தை மட்டும் நெருக்குவது இன்னொன்று. இரண்டாவதில் உடற்பகுதி குறைவாகவே அலைக்கழிக்கப்படும். ஆனால் அவ்வுறை அதே துப்பாக்கிக்கே ஏற்றது. சிலமுறை சுட்டபின் அதிலும் இறுகிச் சிக்கத் தொடங்கும். அப்போது முழு உறையையும் நெருக்கியே ஆகவேண்டும். எம்முறையானாலும் கழுத்து விரிந்தும் சுருங்கியும் இறுகும். காய்ச்சி இளக்காவிட்டால் நெடுக்கில் விண்டுவிடும். பித்தளை துலக்கும் திரவங்கள் சிலவற்றில் அம்மோனியா உண்டென்பதால், உறையை அவற்றால் துலக்குவதையும் விவரமறிந்தோர் தவிர்க்கின்றனர். லாயம் இப்படிப் புட்டிக்குள்ளும் வந்துவிடுகிறது.

மாணவரின் இயல், முதல் வரைவில், 'இந்தியாவின் ஈரமான பருவநிலை காரணமாக' என்றே தொடங்கியிருந்தது. பெயரை நம்பி எழுதிய வரி அது. பட்டறைத் திண்ணையில் அமர்ந்து அதை அடித்தார்.

"அப்போ மாட்டை வேற இடத்துல கட்டணுமா தம்பி?" என்றார் பால்காரர்.

"வேண்டாங்க. பிளாஸ்டிக் நட்டு போடுங்க. இதை நான் எடுத்துக்கட்டுமா?"